மேகத்தில் ஒரு பெட்டகம்



அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலிருந்து நியூயார்க்கிற்குப் பேருந்தில் சென்ற ட்ரூ ஹூஸ்டன் என்னும் இளைஞர், தமது பென் டிரைவை மறந்து வந்துவிட்டதை உணர்ந்தார். செய்ய எண்ணிய வேலை நின்றுபோயிற்று. அந்த எரிச்சலில் அவர் எழுதத் தொடங்கிய நிரலே 'டிராப்பாக்ஸ்' ஆயிற்று. அராஷ் ஃபெர்தௌசி என்பவரோடு சேர்ந்து 2007-இல் நிறுவனத்தைத் தொடங்கி, 2008-இல் மக்களுக்குத் திறந்துவிட்டார். கூகுள் டிரைவ் வந்தது 2012-இல்தான். மறதியால் விளைந்த நன்மை அன்றோ இது! (என் மறதியால் இதுவரை எந்த நன்மையும் விளைந்ததில்லை.)

இப்பெட்டகம் இயங்கும் விதம் வியப்பிற்குரியது. டிராப்பாக்ஸில் நாம் இடும் பெரிய கோப்பு, 4 மெகாபைட் கொண்ட துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிற்கும் அதன் உள்ளடக்கத்தைக் கொண்டே கணக்கிட்ட அடையாளம் ஒன்று உண்டு. ஆகவே கோப்பில் ஓரிடத்தைத் திருத்தினால், மாறிய துண்டு மட்டுமே மீண்டும் அனுப்பப்படும்.

மேகம் என்று பெயரிருந்தாலும் இவை வானத்தில் இல்லை. பெரிய கட்டிடங்களில் வரிசை வரிசையாக அடுக்கிய கணினிகளில் இருக்கின்றன. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் அத்தகைய கட்டிடம் ஒன்று எரிந்துபோயிற்று. வேறிடத்தில் நகல் வைக்காத பலர் தங்கள் கோப்புகளை இழந்தனர்.

தீ இல்லாமலும் இழக்கலாம். சென்ற ஆண்டு அம்மாவின் கைப்பேசியில் இடமில்லை என்று எச்சரிக்கை வந்தது. "எல்லாம் மேலே பத்திரமாக இருக்கிறதே" என்று எண்ணி, பழைய கோப்புகளை நானே அழித்தேன். கைப்பேசியும் பெட்டகமும் ஒன்றையொன்று பார்த்து நடப்பவை, இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்பதை அப்போது அறியேன். அழித்தவை குப்பைத் தொட்டியில் 30 நாள் காத்திருந்தன. நாங்கள் தேடியது இரண்டு மாதம் கழித்து. காலஞ்சென்ற பாட்டி என் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசிய ஒலிப்பதிவும் அவற்றோடு போயிற்று. அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நல்லவேளையாக, அதை எப்போதோ சித்திக்கு அனுப்பியிருந்தோம். அவர் கைப்பேசியில் அது அழியாமல் இருந்தது. இப்போது பாட்டியின் குரல் பெட்டகத்தில் இருக்கிறது. அப்பாவின் கணினியில் இருக்கிறது. பீரோவில், அம்மாவின் நகைப் பெட்டிக்குள், ஒரு பென் டிரைவிலும் இருக்கிறது.