சிபில் அறிக்கை: விண்ணப்பத்துக்கு முன்பே படிக்க வேண்டிய கணக்கு

நம்பிக்கை: "சிபில்தான் என் கடனைத் தடுத்துவிட்டது."

வங்கி கைவிரித்ததும் பலரும் சொல்வது இது. உண்மையில் சிபில் யாருக்கும் கடன் தருவதுமில்லை, மறுப்பதுமில்லை. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் அது ஒன்று. எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகியவை மற்ற மூன்று. யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தத் தவணை எத்தனை நாள் தாமதம் என்று வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்பும் விவரங்களை இவை தொகுக்கின்றன. 300 முதல் 900 வரையிலான ஸ்கோர் அந்த விவரங்களிலிருந்து பிறக்கிறது. சம்பளமும் சேமிப்புக் கணக்கின் இருப்பும் அதில் சேர்வதில்லை. கைநிறையச் சம்பாதிப்பவரின் ஸ்கோர் தாழ்ந்தும், சிறு வருமானத்தில் தவணை தவறாதவரின் ஸ்கோர் உயர்ந்தும் இருப்பது இதனால்தான். வருமானத்தை வங்கி தனியாக எடைபோடுகிறது. எனவே நல்ல ஸ்கோர் மட்டுமே கடனுக்கு உறுதி அல்ல. ஆனால் ஸ்கோர் குறைந்திருந்தால், அதைக் குறைத்த பதிவு எது என்பதை அறிக்கையிலேயே தேடலாம்.

நம்பிக்கை: "எடுத்துப் பார்த்தாலே ஸ்கோர் குறையும்."

நம் அறிக்கையை நாமே பார்ப்பதால் ஒரு புள்ளிகூடக் குறையாது. நாம் கடனுக்கு விண்ணப்பித்து, அதற்காக வங்கி பார்ப்பதுதான் கணக்கில் ஏறும். ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் விண்ணப்பித்தால் பணமுடை என்று பொருள்கொள்ளப்படும். பார்த்தாலே குறையும் என்ற வீண் அச்சத்தால் பலர் அறிக்கையைத் திறப்பதே இல்லை. அடைத்து முடித்த கடன் நிலுவையாகவே நிற்பது, வாங்காத கடன் பெயரில் ஏறியிருப்பது, ஜாமீன் போட்ட கடனில் தவணை தவறியிருப்பது எல்லாம் திறந்தால்தான் தெரியும். 2017 முதல் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. "பிழை அவர்களுடையது, நான் ஏன் அலைய வேண்டும்?" என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் புகாரை 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024-இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்த 30 நாள், நாம் புகார் கொடுத்த பிறகே ஓடத் தொடங்கும்.

நம்பிக்கை: "செட்டில்மென்ட் செய்தால் கணக்கு முடிந்தது, மிச்சத்தை ஏஜென்ட் அழித்துவிடுவார்."

1 லட்சம் ரூபாய் பாக்கிக்கு 60,000 ரூபாய் போதும் என்று வங்கி ஏற்றால் வசூல் நெருக்கடி நிற்கும். அறிக்கையிலோ 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றே வரும். அடுத்துக் கடன் தருபவர் அதை 40,000 ரூபாய் நட்டமாகத்தான் படிப்பார். வசதி வந்தபின் மீதியைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்று, பதிவை மாற்றித் தரும்படி வங்கியிடம் கேட்கலாம். உண்மையான தாமதத்தை எந்த ஏஜென்டாலும் அழிக்க முடியாது; பொய்யான பதிவை நீக்க ஏஜென்டே தேவையில்லை. அவருக்குத் தரும் பணத்தை நிலுவைத் தவணைக்குக் கட்டுவதே மேல்.

கடனே வாங்காமல் கண்ணியமாக வாழ்ந்தவரை, கடன் வரலாறு இல்லை என்று ஒதுக்குவது அநீதி அல்லவா? அநீதிதான். முதல்முறை விண்ணப்பிப்பவரை அந்த ஒரே காரணத்துக்காக நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியும் அறிவுறுத்தியிருக்கிறது. வரலாறு உள்ளவர்களுக்கோ வழி அவர்கள் கையிலேயே இருக்கிறது. வங்கிகள் 15 நாட்களுக்கு ஒருமுறையாவது விவரம் அனுப்ப வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்ததால், இன்று கட்டும் பாக்கி முன்னைவிட விரைவில் பதிவாகும். வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கச் சில மாதங்கள் முன்பே அறிக்கையை எடுத்து, வரிவரியாகப் படித்து, பிழைக்குப் புகாரும் பாக்கிக்குப் பணமும் கொடுத்துவிடுங்கள். வங்கி மேலாளர் அதைப் புரட்டும்போது, நீங்கள் முன்பே படித்துச் சரிபார்த்த கணக்காக அது இருக்கட்டும்.