குளிரூட்டியும் நின்றுபோகும் இயந்திரமும்

2019ஆம் ஆண்டு சித்திரை மாதத்து நண்பகலொன்றில், பேரப்பிள்ளைகள் இருவருடன் கொக்குவிற் புகையிரதக் கடவையைக் கடக்கும்பொருட்டு எமது பழைய யப்பானிய மோட்டார் வண்டியில் வரிசையிலே காத்திருந்தோம். படலை திறந்ததும் முன்சென்ற வண்டியைத் தொடர்ந்தோம். அது திடீரென நிற்கவே, எமது முன்சில்லுகள் தண்டவாளத்தின்மீது நிற்க நேர்ந்தது. அப்பால் இடமுண்டா என்று பாராமல் ஏறியது எமது பிழையே. அவ்வேளையில் இயந்திரம் ஒருமுறை நடுங்கி ஓய்ந்துவிட்டது. இருமுறை முடுக்கியும் பற்றவில்லை. அருகில் நின்ற இளைஞர்கள் தள்ளிக் கரைசேர்த்தனர். குளிரூட்டியை நிறுத்தியபின் முடுக்கினோம். இயந்திரம் ஒன்றும் நடவாததுபோல இயங்கிற்று.

வண்டியைப் பார்த்த கராச்சிலே கொம்பிறசர் பழுது, மாற்ற வேண்டும் என்றனர். அதன் விலையோ எமது ஓய்வூதியத்தில் இரண்டு மாதத்தை விழுங்கத்தக்கது. ஆயினும் ஓர் ஐயம் எழுந்தது. வண்டிக்குள் குளிர் நன்றாகவே இருந்தது. நன்கு குளிர்விக்கும் ஓர் உறுப்பைக் குற்றவாளி என்பது எங்ஙனம் பொருந்தும்?

இவ்விடத்திற் பௌதிகத்தைச் சற்று நினைவுகூர்தல் வேண்டும். ஆர்-134ஏ என்னும் குளிரூட்டற் பொருள் வண்டியினுள்ளே தாழ்ந்த அமுக்கத்தில் ஆவியாகி மறைவெப்பத்தை உறிஞ்சுகின்றது. அவ்வாவியைக் கொம்பிறசர் அழுத்தி, றேடியேற்றரின் முன்னுள்ள ஒடுக்கிக்கு அனுப்புகின்றது. அங்கே அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகின்றது. 30 பாகை வெப்பநிலையில், இயந்திரம் ஓய்ந்திருக்கும்போது, இப்பொருளின் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தின் ஏழரை மடங்களவு. இயங்கும்போது ஒடுக்கிப் பக்கத்தில் அது ஏறக்குறைய இரட்டிக்கும். இவ்வேலைக்குச் சிறு வண்டியொன்றிலே மூன்று நான்கு குதிரைவலு செலவாகலாம்.

வீதியில் ஓடும்போது இயந்திரம் இதனைப் பொருட்படுத்தாது. நிற்கும்போதோ நிலைமை வேறு. அக்சிலேற்றரை மிதியாத நிலையில் நிமிடத்துக்கு 700 அல்லது 800 சுற்று மட்டுமே சுழன்று, தன் உராய்வை வெல்லுமளவு வலுவையே அது பிறப்பிக்கின்றது. அந்நிலையிற் காந்தக் கிளச் பற்றிக்கொண்டால், களைத்து நிற்பவன் தலையில் மூடையொன்றை வைத்தாற்போலாம். 1940ஆம் ஆண்டுப் பக்கார்ட் வண்டியில் இத்தகைய கிளச்சே இருக்கவில்லை. குளிர் வேண்டாதவர் இயந்திரத்தை நிறுத்திப் பெல்ற்றைக் கழற்ற வேண்டியிருந்தது. அக்காலத்துச் செல்வந்தரும் இந்தத் தொல்லையைப் பொறுத்தனர்!

சுமை ஏறும்போது சிறிது கூடுதலான வளியை உள்ளே விட்டாலன்றி இயந்திரம் தாங்காது. காபரேற்றர் வண்டிகளில் வெற்றிடத்தால் இழுபடும் சிறு சவ்வொன்று திறொட்டிலைச் சற்றுத் திறந்துவிடும். பின்வந்த வண்டிகளிற் கணினி அப்பணியை வால்வொன்றின் மூலமோ திறொட்டிலின் மூலமோ செய்து, சுற்றை நூறு அல்லது நூற்றைம்பது உயர்த்தும். ஆகவே கேள்வி ஒன்றே: சுமை மிகுந்துவிட்டதா, அல்லது வழக்கமான சுமையைத் தாங்க இயந்திரத்துக்கு வலு போதவில்லையா?

இதனை அறியக் காசு வேண்டியதில்லை. குளிரூட்டியை நிறுத்தி, வண்டியை நிற்கவைத்து, தலைவிளக்குகளை ஏற்றி, வலுத்துணையுள்ள ஸ்ரேறிங்கை ஒரு பக்கம் முற்றாகத் திருப்பிப் பார்க்கலாம். அதற்கும் இயந்திரம் தள்ளாடினால், குளிரூட்டியை மன்னித்துவிடலாம். எமது வண்டி இச்சோதனையிலேயே தள்ளாடிற்று. அடுத்து, இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கொம்பிறசர்க் கிளச்சுக்குச் செல்லும் மின்கம்பியைக் கழற்றி, மீண்டும் முடுக்கிக் குளிரூட்டியின் ஆளியை அழுத்தினோம். சுமை இல்லாதபோதும், கணினியின் கட்டளைப்படி சுற்று உயர்ந்திருக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் இது நிகழும். எமது வண்டியிலோ முள் அசையவேயில்லை. வளி செல்லும் வழியில் ஏதோ தடை என்பது தெளிவாயிற்று.

முதற் சோதனையில் இயந்திரம் உறுதியாக நின்றிருப்பின் கொம்பிறசரின் பக்கமே பார்த்திருப்போம். ஓடும்போது குறைவின்றி இயங்கி, நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஓயும் வண்டிகளில் ஒடுக்கியின் மின்விசிறி சுழல்கின்றதா என்று நோக்குதல் முதற்கடன். விசிறி நின்றால் அமுக்கம் ஏறிக்கொண்டே போகும். ஒடுக்கியின்மேல் ஒரு வாளி தண்ணீரை மெல்ல ஊற்றும்போது இயந்திரம் தெளிவடையுமாயின், விசிறியோ, அடைபட்ட ஒடுக்கியோ, அளவுக்கு மிஞ்சி ஏற்றிய காஸோ காரணமாகும். கொம்பிறசர் இறுகியுள்ளதோ என்பதை, திறப்பைக் கையிலெடுத்தபின், கிளச்சின் முன்தட்டைக் கையால் திருப்பி அறியலாம். அது சீராகச் சுழல வேண்டும். எமது தட்டு தடையின்றிச் சுழன்றது. பற்றரியின் மின்னழுத்தத்தையும் மறத்தலாகாது. கிளச்சும் விசிறியும் ஒருங்கே மின்னை இழுக்கும்போது அது 13 வோற்றுக்குக் கீழே இறங்கினால் ஓல்ற்றனேற்றரைச் சோதிக்கலாம்.

வளிக்குழாயைக் கழற்றியபோது திறொட்டில் தட்டின் விளிம்பிலே தடித்த கரி படிந்திருந்தது. வளிவால்வின் துவாரமும் பாதி மூடியிருந்தது. இயந்திரத்தின் எண்ணெய் ஆவி பல ஆண்டுகளாக அங்கே திரும்பிவந்து உறைந்த கரி அது. அதற்கெனவுள்ள திரவம் ஒரு ரின்னும் பழந்துணியும் கொண்டு ஒரு காலைப்பொழுதிற் கழுவினோம். பிளக்குகள் நான்கையும் மாற்றினோம், அவையும் தேய்ந்திருந்தன.

கழுவியவுடன் இயந்திரம் நின்றநிலையிலும் ஆயிரத்து இருநூறு சுற்றுக்கு மேலே ஓடத் தொடங்கவே, வேலையைக் கெடுத்துவிட்டோமோ என்று அஞ்சினோம். கரிக்கேற்பக் கணினி வைத்திருந்த பழைய கணக்கே அதற்குக் காரணம். இரண்டு நாள் ஓட்டத்தில் அது புதிய கணக்கைக் கற்றுக்கொண்டது. மூன்றாம் நாள் அதே நண்பகல் வெயிலில், குளிரூட்டியை முழுதாக இயக்கியபடி, கொக்குவிற் கடவையின் படலைக்கு இப்பால் அரைமணி நேரம் நிறுத்திப் பார்த்தோம். முள் ஒருமுறை ஏறி அங்கேயே நின்றது. பேரப்பிள்ளைகளை மட்டும் அன்று வீட்டிலே விட்டுவந்திருந்தோம்.