வீட்டு நெட்வொர்க்குக்கு வெளியிலிருந்து வழி: எந்த வி.பி.என்.?

— மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பிரிவு

"வி.பி.என்.னா தடை பண்ண சைட்டைப் பார்க்கறதுக்குத்தானே?" என்று நம் வகுப்பிலேயே பாதிப் பேர் கேட்கிறார்கள். போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது ஒரு பழைய கேமரா.

கே.கே. நகர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் எங்கள் வீடு. அப்பா ஆட்டோவுக்கும், அம்மா சமையல் வேலைக்கும் போய்விட்டால் பகல் முழுக்க ஆயா தனிதான். ஒரு நாள் வழுக்கி விழுந்து, சாயங்காலம் அம்மா வரும்வரை தரையிலேயே கிடந்தார். உடனே ரிச்சி தெருவில் பழைய கேமரா ஒன்றும் பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கி மாட்டினேன். ரௌட்டரில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டேன். கல்லூரியிலிருந்தே கூடம் தெரிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். எல்லோருக்கும் ஒரே பெருமை!

இரண்டு வாரம் கழித்து ஆயா, "அது தானா திரும்புதுடா" என்றார். வயசாயிடுச்சு, ஏதோ சொல்கிறார் என்று சிரித்தோம். ஒரு ராத்திரி என் கண்ணெதிரிலேயே திரும்பியது. பதிவுகளைப் பார்த்தால், எங்களுடையதல்லாத ஐ.பி. முகவரிகளிலிருந்து யாரோ உள்ளே வந்து போயிருக்கிறார்கள். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை நான் மாற்றவே இல்லை. வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் படிக்க உட்கார்ந்தேன்.

திறந்த போர்ட் ஏன் ஆபத்து?

போர்ட்டைத் திறப்பது என்பது தெருக்கதவைத் திறந்து வைப்பது. கதவு திறந்திருக்கிறதா என்று உலகம் முழுக்கத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் இரவு பகலாக ஓடுகின்றன. 2016-இல் 'மிராய்' என்ற வைரஸ் இப்படித்தான், பாஸ்வேர்டு மாற்றாத கேமராக்களையும் ரௌட்டர்களையும் பெருமளவில் பிடித்தது. அவற்றைக் கொண்டே அக்டோபர் 21 அன்று டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் முடங்கின.

வி.பி.என். என்ன செய்கிறது?

கேமராவை வெளியே காட்டாமல், சாவி வைத்திருப்பவரை மட்டும் வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறது. மாதச் சந்தாவுக்கு விளம்பரம் செய்கிறார்களே, அந்த வி.பி.என். இதற்கு உதவாது. அது நம்மை அந்த நிறுவனத்தின் சர்வருக்குக் கொண்டுபோகும். நமக்கு வேண்டியது நம் வீட்டுக்கு வரும் பாதை. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் போட்ட உத்தரவில், வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கச் சொன்னது அந்தச் சந்தா நிறுவனங்களைத்தான்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

1. பி.பி.டி.பி.: 1990-களில் வந்தது. சில ரௌட்டர்களில் இன்னும் இருக்கும், சுலபமாகவும் இருக்கும். ஆனால் தொடவே தொடாதீர்கள். இதில் வழக்கமாகப் பயன்படும் பாஸ்வேர்டு முறையை ஒரே நாளில் உடைக்கலாம் என்று 2012-இலேயே காட்டிவிட்டார்கள்.

2. ஓப்பன் வி.பி.என்.: 2001 முதல் இருக்கிறது, நம்பகமானது. டி.சி.பி. 443 போர்ட்டிலும் ஓடும் என்பதால், யு.டி.பி.யை அடைத்து வைத்திருக்கும் இடங்களில் கைகொடுக்கும். சான்றிதழ் தயாரிப்பது முதல் தடவை தலைவலிதான்.

3. வயர்கார்டு: ஜேசன் டோனன்ஃபெல்டு எழுதியது. 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலோடு சேர்ந்தது. அப்போது சுமார் 4,000 வரிகள்தான். பழைய கம்ப்யூட்டரிலும் வேகமாக ஓடுகிறது. சாவி இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. கதவு இருப்பதே வெளியே தெரியாது.

நான் வயர்கார்டு போட்டேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு அப்பா, காசு குறைவு என்று இணைப்பை வேறு கம்பெனிக்கு மாற்றினார். அன்றோடு படுத்துவிட்டது!

யாரும் சொல்லாத விஷயம்

ஐ.பி.வி.4 முகவரிகள் போதாததால், பல கம்பெனிகள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போடுகின்றன. இதற்கு சி.ஜி.நாட் என்று பெயர். அபார்ட்மென்ட் முழுக்க ஒரே கதவு எண் போட்ட மாதிரி. வெளியிலிருந்து வரும் கடிதம் எந்த வீட்டுக்கென்று வாட்ச்மேனுக்குத் தெரியாது. கண்டுபிடிப்பது சுலபம். ரௌட்டரின் வான் பக்கத்தில் உள்ள முகவரியும், வெளித்தளம் காட்டும் உங்கள் முகவரியும் வேறு வேறாக இருந்தால் இதுதான் காரணமாக இருக்கும். 100.64 முதல் 100.127 வரை ஆரம்பித்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்போது வழி மூன்று. கூடுதல் பணம் கட்டி நிலையான பொது முகவரி வாங்கலாம். இரு பக்கமும் ஐ.பி.வி.6 இருந்தால் அதன் வழியே வரலாம். அல்லது டெயில்ஸ்கேல் போடலாம். இதுவும் வயர்கார்டு மேல்தான் நிற்கிறது. இரு பக்கமும் வெளியே நோக்கிப் பேசித் தொடர்பு பிடிப்பதால் போர்ட் திறக்க வேண்டாம். ரகசியச் சாவி நம் கருவியிலேயே இருக்கும். ஆனால் யார் யார் உறுப்பினர் என்ற பட்டியலை அந்த நிறுவனம் வைத்திருக்கும். அந்த அளவு நம்பிக்கை வைக்கச் சம்மதமா என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் சம்மதித்தேன், அந்தக் கணக்குக்கு இரண்டடுக்குப் பாதுகாப்பும் போட்டேன்.

மறக்கக் கூடாதவை

* வீட்டிலும் கல்லூரியிலும் 192.168.1 என்றே இருந்தால் பாதை குழம்பும். வீட்டில் 192.168.47 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.
* கரண்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானாக எழும்படி பயாஸில் அமையுங்கள்.
* ஆளுக்கு, கருவிக்கு ஒரு சாவி. போன் தொலைந்தால் அந்த ஒரு சாவியை மட்டும் நீக்கலாம்.
* பழைய போர்ட்டை மூடுங்கள், ரௌட்டரில் யு.பி.என்.பி.யையும் அணையுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். வி.பி.என். போட்டும் இதை விட்டால் பயனில்லை.

சுருக்கமாக: பொது முகவரி இருந்தால் வயர்கார்டு; இல்லையென்றால் டெயில்ஸ்கேல்; யு.டி.பி. அடைத்த இடமென்றால் ஓப்பன் வி.பி.என்.

கேமராவை மறுபடி மாட்டும்போது ஆயா கேட்டார்: "இப்ப யாருடா பார்க்கிறது?" "நான் மட்டும்தான் ஆயா." "நீ பார்க்கறப்போ எனக்கு எப்படித் தெரியும்?" இதற்கு எந்த வி.பி.என்.னிலும் விடை இல்லை. ஆகவே கேமரா கூடத்தை மட்டும் பார்க்கும்படி வைத்து, மேலே போட ஒரு துணியும் கொடுத்தேன். பார்ப்பதற்கு முன் போன் செய்கிறேன். அவர் துணியை எடுக்கிறார். போனை எடுக்கவில்லையென்றால் கீழ்வீட்டு அக்காவைக் கூப்பிடுகிறேன்.