ஏழே சீரில் ஒரு தந்தை

சிவில் படிக்கிறவனுக்கு யாப்பிலக்கணம் எதுக்குன்னு கேட்காதீங்க. காரணம் இருக்கிறது.

எங்கப்பா கொத்தனார். எழுத்துக் கூட்டத் தெரியாது. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். முதல் செமஸ்டரில் கணக்குப் பாடம் கவிழ்ந்தபோது, "நானும் உங்ககூட வேலைக்கு வந்துடறேம்ப்பா" என்றேன். கரண்டியைக் கீழே வைத்தார். "இங்க உனக்கு வேலையில்ல, போ" என்றார். அன்று ராத்திரி கண்ணில் பட்டதுதான் 67ஆம் குறள், மக்கட்பேறு அதிகாரம். மகன் கற்றவர் சபையில் முன்னால் இருக்கும்படி செய்வதே தந்தை செய்யும் நன்மை என்பது அதன் கருத்து.

வடிவம் குறள் வெண்பா. முதலடியில் நாலு சீர், அடுத்த அடியில் மூன்று. முதல் சீர் 'தந்தை'. தந்-தை, நேர் நேர், தேமா. மாச்சீர் நேரசையில் முடிவதால் அடுத்த சீர் நிரையில்தான் தொடங்க வேண்டும். விளச்சீர் நிரையில் முடியும். அதற்குப்பின் நேர் வரவேண்டும். இதைப் படித்ததும் அப்பா ஞாபகம்தான் வந்தது. "மூட்டுமேல மூட்டு வந்தா சுவர் பிளந்துடும்டா" என்பார். செங்கல்லுக்கும் சீருக்கும் ஒரே சட்டம்! காய்ச்சீர் மட்டும் இதில் அடங்காது. காய் நேரில் முடிந்தாலும் அடுத்து நேரே வரும். இந்தக் குறளில் ஆறு இணைப்புகள். நாலு மாமுன் நிரை, இரண்டு காய்முன் நேர். ஒன்றுகூடத் தட்டவில்லை. நானே விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.

அடிமோனை இல்லை. எதுகை இருக்கிறது. முதலடி 'தந்தை' என்று தொடங்க, இரண்டாமடி 'முந்தி' என்று தொடங்குகிறது. இரண்டாம் எழுத்து ரெண்டிலும் 'ந்'. முந்தி இருக்கப்போவது மகன். ஆனால் ஓசை அந்தச் சொல்லைத் தந்தையோடுதான் கட்டிப்போடுகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

கடைசிச் சீரையும் பாருங்கள். 'செயல்', நிரையசை, மலர் என்னும் வாய்பாடு. இதே அதிகாரத்தின் 70ஆம் குறள் மகன் திருப்பிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. இவனைப் பெற என்ன தவம் செய்தானோ என்று ஊரார் பேச வைக்க வேண்டுமாம். அது முடிவது 'சொல்' என்ற நேரசையில், நாள் என்னும் வாய்பாட்டில். அப்பன் பங்கு செயல், மகன் தேடித்தர வேண்டியது சொல்.

அப்பா தன் பங்கை முடித்துவிட்டார். எனக்குக் கணக்கு அரியர் இன்னும் பாக்கி. ஏப்ரலில் எழுதுகிறேன்.