துண்டுக்கு அடியில் ஒரு பாடம்!

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் செஞ்சிக்குப் போயிருக்கிறீர்களா? கோட்டை பார்க்க வருகிறவர்கள் பொழுது நன்றாக விடிந்த பிறகுதான் வருவார்கள். வாரச்சந்தைக்கு ஆட்டை ஓட்டி வருகிறவர்கள் அதற்கு முன்பே வந்துவிடுவார்கள்.

வாங்க வந்தவர் ஆட்டின் முதுகைத் தடவுவார், பல்லைப் பார்ப்பார், தூக்கிப் பார்ப்பார். விற்கிறவர் பார்ப்பது ஆட்டை அல்ல, வந்தவரின் முகத்தை! "இந்த விலைக்கு வேணாம்ண்ணா" என்று வாய் சொல்லும். கால் மட்டும் ஆட்டை விட்டு நகராது. அவ்வளவுதான், விலை இறங்காது.

மாட்டுச் சந்தைகளில் இன்னொரு பழக்கம் உண்டு. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். எதிராளியின் கை துண்டுக்கு அடியில் போகும். விரலைப் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து விலை பேசுவார்கள். ஒரு விரல் ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். இன்று வாய்விட்டுப் பேசி முடிப்பவர்கள் அதிகம் என்றாலும், சில சந்தைகளில் இந்தத் துண்டு வியாபாரத்தை இன்னும் பார்க்கலாம்.

எதற்கு இந்தத் துண்டு?

சுற்றி நிற்கும் கூட்டத்துக்காகத்தான். குறைந்த விலைக்கு இறங்கியது வெளியே தெரிந்தால், அடுத்து வருகிறவர் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார். "என்னால அவ்வளவு முடியாதுங்க" என்று பத்துப் பேர் முன்னால் சொல்ல வாங்குகிறவருக்கும் கூச்சம். துண்டுக்கு அடியில் பேசினால் பேரம் படியாவிட்டாலும் யாருக்கும் தலைகுனிவு இல்லை.

விவசாயிகள் நெல் மூட்டைகளைக் கொண்டு வரும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களிலும் மறைமுக ஏலம் என்று ஒன்று உண்டு. ஒரு வியாபாரி குறித்த விலை இன்னொருவருக்குத் தெரியாது. அதிக விலை குறித்தவருக்கே சரக்கு. இதுவும் ஒருவகைத் துண்டுதான்!

'என்ன சொல்வது?' என்று யோசிப்பதற்கு முன்னால், 'யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்?' என்று யோசி. சந்தை சொல்லித் தரும் பாடம் இதுதான். 'இதற்கும் ஆரோக்கியத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா?

மடித்த சீட்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு மருந்துக்கடை. ஊரும் பேரும் வேண்டாம். கவுன்ட்டரில் நாங்கள் ஆறேழு பேர். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி, நான்காக மடித்த சீட்டை நீட்டினார். கடைப் பையன் பிரித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளைப்படுறதுக்காம்மா? ஏழு நாளைக்கு எழுதியிருக்காங்க. முழுசா தரட்டுமா?" என்றான், கடை முழுக்கக் கேட்கிற மாதிரி.

எல்லோரும் திரும்பினோம். நானும்தான் திரும்பினேன். அந்த அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "அப்புறம் வரேன்ப்பா" என்று சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

பையன் கெட்டவன் இல்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் சீட்டு நான்காக மடித்திருந்ததை அவன் கவனிக்கவில்லை. "இது நாலு பேருக்குத் தெரிய வேண்டாம் தம்பி" என்று அந்த மடிப்பு அவனிடம் சொல்லியிருந்தது. கடைக்குப் போனது ஒரு வியாபாரம். அந்த அம்மாவுக்குப் போனது ஏழு நாள் வைத்தியம். எது பெரிய நஷ்டம்?

93 சதவீதமா?

'பேச்சில் வார்த்தைக்கு 7 சதவீதம்தான் மதிப்பு, மீதி 93 சதவீதம் குரலும் முகமும்' என்று பயிற்சி வகுப்புகளில் அடித்துச் சொல்வார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்த கணக்கு இது. சொல்லும் குரலும் முகமும் ஒன்றுக்கொன்று முரண்படும்போது, 'இவருக்கு நம்மைப் பிடிக்கிறதா, இல்லையா' என்பதை எதை வைத்து முடிவு செய்கிறோம் என்றுதான் அவர் பார்த்தார். எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

கையைக் கட்டினால் பிடிவாதம், கண்ணைப் பார்க்காவிட்டால் பொய் என்பதெல்லாமும் அப்படித்தான். ஏ.சி. குளிரில் கையைக் கட்டியிருக்கலாம். பெரியவர் முன் மரியாதைக்காகக் கண்ணைத் தாழ்த்தியிருக்கலாம். 2006-ல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். எதிராளி சொல்வது பொய்யா, நிஜமா என்பதை மனிதர்கள் சரியாகக் கண்டுபிடித்தது 100-க்கு 54 முறைதான். காசு சுண்டிப் போட்டாலே 50 வருமே!

அதனால் உடம்பைப் பார்த்து எதிராளியை எடைபோட வேண்டாம். அவருக்குக் கூச்சமா, அவசரமா, புரியவில்லையா என்று கவனித்தால் போதும். சந்தேகம் வந்தால் மெதுவாகக் கேட்டுவிடுங்கள்.

முதலில் உங்கள் மூச்சு

அந்தப் பையன் ஏன் கவனிக்கவில்லை? கூட்டம், அவசரம். பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு வறள்கிறது. நமக்குத் தெரியாமலே குரல் உயர்ந்துவிடுகிறது. இந்த நிலையில் எதிரே இருப்பவரின் கூச்சம் கண்ணில் படுமா?

நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள். ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஐந்து முறை போதும். படபடப்பு தணியும். கல்லாவில் உட்காரும் முன்பும், இன்டர்வியூ அறைக்கு வெளியிலும் செய்து பாருங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள்.

கடைப்பிடிக்க ஐந்து

1. மடித்த சீட்டு, தாழ்ந்த குரல், அக்கம்பக்கம் பார்க்கும் கண், மற்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்பது - இவற்றைப் பார்த்தால் உங்கள் குரலையும் தாழ்த்துங்கள்.

2. நோயின் பெயர், கடன் பாக்கி, சம்பளம், மார்க் - இவற்றை உரக்கப் படிக்காதீர்கள். சீட்டில் விரலால் சுட்டிக் காட்டினால் போதும்.

3. தலையசைத்தே பதில் சொல்லும்படி கேளுங்கள். "இதில் உள்ள மாதிரியே முழுசா தரட்டுமாம்மா?"

4. ஆனால் "சரி சரி" என்று தலையாட்டுவதெல்லாம் புரிந்ததற்கு அடையாளம் இல்லை. மருந்தை எப்போது சாப்பிட வேண்டும் என்பதை, கவுன்ட்டர் ஓரத்துக்குக் கூப்பிட்டு, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

5. ஊழியரின் தவறை வாடிக்கையாளர் முன் சொல்லாதீர்கள். கடை ஓய்ந்த பிறகு சொன்னால் காதில் ஏறும்.

வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. யாராவது சத்தமாகக் கேட்டால் மருந்து வாங்காமல் திரும்பிவிடாதீர்கள். "கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க தம்பி" என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. பக்கத்தில் நிற்பவரா நீங்கள்? முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். அன்று நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.