கால் பிசகினால் உருவலாமா?

போன மாதம் நான் நொண்டி நொண்டி வந்ததைப் பார்த்திருப்பீர்கள். சில பேர் பட்டப்பெயரே வைத்தாச்சு. பரவாயில்லை. அதில் படித்த பாடத்தை இங்கே எழுதுகிறேன்.

கோ-கோ ஆடும்போது கம்பத்தைச் சுற்றித் திரும்பினேன். வலது பாதம் உள்பக்கமாக மடங்கி 'மளுக்'கென்றது. சாயங்காலம் அப்பத்தா ஒருவரிடம் கூட்டிப் போனார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவர் உருவினால் சுளுக்கு போய்விடும் என்று ஒரு நம்பிக்கை. எண்ணெயைச் சுடவைத்து அழுத்தி உருவினார். நான் கத்திய கத்து! விடிந்து பார்த்தால் கணுக்கால் பணியாரம் மாதிரி உப்பி, நீலமாகியிருந்தது.

எங்கள் ஐயாவுக்குப் பக்கவாதம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினார்களே, அந்தத் திட்டத்தில் பிசியோதெரபி அக்கா வீட்டுக்கே வந்து ஐயாவுக்குப் பயிற்சி கொடுப்பாங்க. அன்றைக்கு என் காலையும் பார்த்தாங்க.

முதலில் நாலு எட்டு நடக்கச் சொன்னாங்க. அப்புறம் கணுக்கால் எலும்பின் பின்ஓரத்தை அமுக்கினாங்க. நடக்க முடியாவிட்டாலோ, அந்த எலும்பில் வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். இது 1992-ல் கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் வகுத்த விதி. நான் தத்தித் தத்தி நடந்துவிட்டேன். எலும்பிலும் வலி இல்லை.

எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் நார் கொஞ்சம் கிழிவதுதான் சுளுக்கு. உள்ளே சின்ன ரத்தக்குழாய்களும் அறுந்து கசியும். அந்த நேரத்தில் சூடு வைத்து உருவினால் கசிவு கூடத்தானே செய்யும்? அதனால் முதல் இரண்டு மூன்று நாள் எண்ணெய், ஒத்தடம், உருவுதல் எதுவும் கூடாது. கிரேப் பேண்டேஜ் சுற்றி, படுக்கும்போது தலையணை மேல் காலைத் தூக்கி வைக்கணும். வலிக்கு ஐஸைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைக்கலாம்.

ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற இந்த முறையை 1978-ல் எழுதியவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். பின்னாளில் அவரே, ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். தான் எழுதியதைத் தானே திருத்தியது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே படுத்தே கிடக்கக்கூடாது. மூன்றாம் நாளே கால் கட்டைவிரலால் காற்றில் அ, ஆ, இ எழுதச் சொன்னாங்க. 'ஃ' மட்டும்தான் சுலபம்! பிறகு சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது. அப்புறம் ஒற்றைக்காலில் நிற்பது. பாதம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று மூளைக்குச் சொல்கிற நரம்புகள் அந்த நாரில் இருக்கின்றன. பிசகிய பிறகு அந்தச் செய்தி மந்தமாகிவிடும். வலி போனதுமே ஓடினால் அதே கால் மறுபடி மடங்கும்.

நம் அணியில் ஒருத்தி வலியை மறைத்து ஆடுகிறாள். பெயர் சொல்லமாட்டேன். அவள் இதைப் படிக்கட்டும்.

ஒன்றியப் போட்டிக்கு நான் வெளியே உட்கார்ந்து கைதட்டினேன். அழுததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

அம்மா தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடப்பாங்க. ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சிங்கம்புணரி தாண்டுவதற்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். ஒரு மாதம் முன்பே தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டச் சொல்லியிருக்காங்க அக்கா. இப்போது அம்மாவும் என்னோடு சுவரைப் பிடித்துக் குதிகால் தூக்குறாங்க.

நேற்று வலது காலில் 22 விநாடி நின்றேன். இடது காலில் 30. இரண்டும் சமமானால்தான் மைதானத்தில் இறங்கலாமாம்.