தையல் மெஷினைப் பரணிலிருந்து இறக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கம்மா போன் செய்தாள். பேச்சோடு பேச்சாக, "மருமகளோட தையல் மெஷினைத் தம்பி பரண் மேல ஏத்திட்டான். ஒரு துரும்பை எடுத்துப்போட விடுறதில்லை. தங்கமாப் பாத்துக்கறான் அண்ணே" என்றாள். பெருமையாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. போனில் சொன்னால் "சரிங்க மாமா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரியைப் போலவே சிறுநீரகம் பழுதாகி உன் அத்தை டயாலிசிஸுக்குப் போக ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. முதல் வருஷம் நானும் நீ செய்வதைத்தான் செய்தேன். குடத்தைத் தூக்க விடவில்லை, அடுப்படிப் பக்கம் விடவில்லை, வரவு செலவு நோட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையை எப்போது பிரிப்பது என்பது கல்யாணமான நாளிலிருந்து அவள் முடிவு. பட்டறைக்குள் கையை விட்டுத் துழாவி ஒரு பிடி சின்ன வெங்காயம் எடுப்பாள். உள்ளங்கையில் உருட்டி, மூக்கருகே கொண்டுபோய், "இன்னும் இருபது நாள் தாங்கும்" என்பாள். தாங்கும். அந்த வருஷம் கத்திரி வெயிலில், அவள் டயாலிசிஸுக்குப் போயிருந்த ஒரு நாள், வியாபாரி வந்து நின்றான். அவளை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நானே விலை பேசி மூட்டை பிடித்து ஏற்றிவிட்டேன்.

சாயங்காலம் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டிய கையோடு வந்தவள், காலியான பட்டறையைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்கு குடித்தாள். பாட்டிலில் நான் பேனாவால் கோடு போட்டு வைத்திருந்தேன், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று. "கோட்டைத் தாண்டிட்ட" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "தண்ணிக்கு அளவு வெச்சீங்க, டாக்டர் சொன்னாரு, சரி. எனக்கும் அளவு வெச்சுட்டீங்களே" என்றாள்.

மாப்பிள்ளை, அன்றைக்குத்தான் புரிந்தது. நோய் அவளுடைய சிறுநீரகத்தைத்தான் எடுத்திருந்தது. மீதி எல்லாவற்றையும் நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கணிதமேதை ராமானுஜனைப் பற்றிப் படித்திருப்பாய். அவர் மனைவி ஜானகியைப் பற்றி யாரும் உனக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். குளித்தலைப் பக்கம் ராஜேந்திரம் என்ற ஊர்க்காரர். அந்தக் காலத்தில் குளித்தலையும் நம் பெரம்பலூரும் அரியலூரும் ஒரே திருச்சி மாவட்டம். ராமானுஜன் 1919 மார்ச்சில் இங்கிலாந்திலிருந்து நோயோடு திரும்பினார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் இறந்தார். அந்த ஒரு வருஷம்தான் இருவரும் ஒருவரோடொருவர் நெருங்கி வாழ்ந்த காலம் என்று சொல்லலாம். ஜானகிக்கு அப்போது இருபது, இருபத்தொரு வயது. வெந்நீர் வைத்து அவர் காலுக்கும் நெஞ்சுக்கும் ஒத்தடம் கொடுப்பார். வேளாவேளைக்குச் சோறு, எலுமிச்சைச் சாறு, மோர். அந்த வெந்நீர்ப் பாத்திரங்கள் இரண்டையும் வயதான காலத்திலும் பத்திரமாக வைத்திருந்தார்.

அந்தப் படுக்கையில்தான் ராமானுஜன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார், சாவதற்குச் சில நாட்கள் முன்புவரை. ஒத்தடம் ஒரு பக்கம் நடந்தது, கணக்கு ஒரு பக்கம் நடந்தது. அந்தக் கடைசி வருஷத்துத் தாள்கள் 1976-ல் கேம்பிரிட்ஜ் ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்பவர் கண்ணில் பட்டன. கணிதம் படித்தவர்கள் இன்றும் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "உடம்பு சரியில்லை, ஓய்வெடு" என்று யாராவது அந்தத் தாளைப் பிடுங்கிப் பரணில் போட்டிருந்தால்? ஜானகி அதற்குப் பிறகு 74 வருஷம் வாழ்ந்தார். நெடுங்காலம் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். உங்கம்மா தையல் மெஷின் என்றதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

கை விஷயத்துக்கு வருகிறேன், உன் பயமே அதில்தான் இருக்கும். உன் வீட்டுக்காரிக்கு இடது கையில் ஃபிஸ்துலா வைத்திருக்கிறார்கள். தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். அந்தச் சிரை தடித்து ஊசி தாங்கும்படி ஆக ஆறு வாரம், எட்டு வாரம் பிடிக்கும். 1960-க்கு முன்பு ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால் டயாலிசிஸைச் சில தடவைக்கு மேல் செய்ய முடியவில்லை. அந்த வருஷம் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர் ஸ்கிரிப்னர், கையிலேயே நிரந்தரமாக ஒரு குழாயை வைத்தார். அதைப் போட்டுக்கொண்ட க்ளைட் ஷீல்ட்ஸ் 11 வருஷம் இருந்தார். ஆக, அந்தக் கைதான் உயிர். அதில் ரத்த அழுத்தம் பார்க்கவோ டயாலிசிஸ் தவிர வேறு எதற்கும் ஊசி போடவோ விடாதே. வளையல், வாட்ச் இறுக்கமாக வேண்டாம். தலைக்கு அடியில் வைத்துத் தூங்க வேண்டாம். பாரம் தூக்க வேண்டாம். ஆனால் அந்தக் கை மடியில் சும்மா கிடக்கவும் வேண்டாம். பந்தை அழுத்தச் சொல்லித்தான் டாக்டர்களே அனுப்புகிறார்கள். துணி தைக்கலாமா, எத்தனை நேரம் தைக்கலாம் என்று அவளையே டாக்டரிடம் கேட்கச் சொல். நீ கேட்காதே.

தினமும் காலையில் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே பூனை உறுமுவதுபோல் ஓர் அதிர்வு ஓடும். அது நின்றிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். எங்கள் வீட்டில் காபி போடும் முன் உன் அத்தை கையை என் பக்கம் நீட்டுவாள். நான் விரல் வைத்து "ஓடுது" என்பேன். முப்பத்து மூன்று வருஷக் கல்யாணத்தில் நாங்கள் தினமும் தவறாமல் கையைப் பிடித்துக்கொண்டது இந்த எட்டு வருஷம்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் ஊரே வைத்தியம் சொல்லும். பார்க்க வருபவர்கள் இளநீரும் வாழைப்பழமும் வாங்கி வருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் அதிகம், அளவு மீறினால் இதயத்தையே நிறுத்திவிடும். மனம் நோகாமல் வாங்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு. இந்துப்பு நல்லது என்பார்கள், அதுவும் உப்புதான். கீரை, காயை நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை இறுத்துவிட்டுச் சமைக்க வேண்டும். பெயர் தெரியாத சூரணம், பஸ்பம் எதுவும் வேண்டாம். டயாலிசிஸையே நிறுத்தலாம் என்று சொல்பவனை வாசலோடு அனுப்பிவிடு.

வாரம் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், அதோடு போகவர நேரம். நாங்கள் தொடங்கியபோது தெரிந்தவர்கள் சொன்னார்கள் என்று இங்கிருந்து திருச்சிக்கு அலைந்தோம். உங்கள் அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை உடனே பார். நீ வேலை பார்க்கும் ஆலையில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்றால் அதையும் விசாரி. வயிற்றில் குழாய் வைத்து வீட்டிலேயே திரவம் ஏற்றி இறக்கும் முறையும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் அதற்கான பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். தையல் வேலை செய்கிறவளுக்கு அது ஒத்துவருமா என்று அவள் யோசிக்கட்டும். நீ ஷிப்டு மாற்றிக்கொண்டு எல்லா நாளும் கூடவே உட்கார வேண்டியதில்லை. நான்கு மணி நேரமும் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் அவளுக்குத்தான் பாரம்.

மாற்றுச் சிறுநீரகம் பற்றி உங்கம்மா மூச்சு விடவில்லை. "என் பிள்ளை உடம்பில் கத்தி வைப்பதா" என்ற பயம். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, என் தங்கையை எனக்குத் தெரியும். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனும் மனைவியும் நெருங்கிய உறவுதான், ஒருவருக்கொருவர் கொடுக்கலாம். ஆனால் நம் நாட்டில் உயிரோடு இருந்து கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்கிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். நான் கொடுக்கப் போனேன், பரிசோதனையில் எனக்கே சர்க்கரை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீ கொடுப்பாயோ மாட்டாயோ, அது உன் உடம்பு, நீ தனியாக உட்கார்ந்து யோசி. யோசித்ததை முதலில் உன் வீட்டுக்காரியிடம் சொல், அப்புறம் அம்மாவிடம். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கும் இன்றே பெயர் பதிந்து வை, வரிசை நீளம்.

இன்னொன்று. "சின்ன வயசு, இன்னொரு கல்யாணம்" என்று எவராவது காதில் ஓதுவார்கள். அது அவள் காதுக்கு ஏற்கெனவே போயிருக்கும் என்றே வைத்துக்கொள். நீ வாயைத் திறந்து அவளிடம் பேசிவிடு. அவள் களைத்துப் படுத்திருக்கும் இரவுகளில் நீ தள்ளிப் படுத்தால், அதற்கும் அவள் ஓர் அர்த்தம் வைத்திருப்பாள். கையைத் தொட்டுப் பார்க்கும் சாக்கிலாவது பக்கத்தில் இரு.

உனக்கும் அலுப்பு வரும், கோபம் வரும். அப்போது என்னைக் கூப்பிடு. நடுராத்திரி ஆனாலும் பரவாயில்லை.

உன் அத்தை இப்போது பட்டறைப் பக்கம் நிற்கிறாள். நேற்று வியாபாரி வந்தான், "இவங்களைக் கேளுங்க" என்று கை காட்டிவிட்டேன். பத்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டாள். அடுத்த வாரம் உன் அத்தைக்குத் தைக்க இரண்டு ரவிக்கைத் துணி கொடுத்தனுப்புகிறேன். அளவு ரவிக்கையும் உள்ளே இருக்கும். உன் வீட்டுக்காரிதான் தைத்துத் தர வேண்டுமாம், பொங்கலுக்குள். கூலி எவ்வளவு என்று அவளிடமே கேட்டு எழுது.

அன்புடன்,
உன் மாமா